தரையிறங்கும் சூத்திரத்தில் மடக்கை முரண்டு பிடித்தால்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறவர்கள் ஐந்தாறு பேர் வருவார்கள். சிமுலேட்டரில் விமானம் ஓட்டி விளையாடத் தொடங்கி, "சேர், இதைத் தானாக இறங்கவைக்க ஏலாதா?" என்று கேட்டு, இப்போது ஆளுக்கொரு நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லா நிரலும் ஏறக்குறைய ஒரே வரியில் வந்து நிற்கும். மடக்கை, அதாவது லாக், எடுக்கிற வரி.

நோட்டன்பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளைகளிடம் விமானம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை ஒன்று இருக்கும். 1974 டிசம்பர் 4 இரவு, கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்த டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி, அதில் இருந்த 191 பேரும் இறந்தார்கள். அது மடக்கைப் பிழையால் நடந்ததல்ல. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாக எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். ஆனாலும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களிடம் "உயரம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீழே இருப்பதெல்லாம் சிமுலேட்டருக்கும் படிப்புக்கும். உண்மையான விமானத்துக்குள் போகும் மென்பொருளுக்கு வேறு சட்டம், வேறு சோதனை.

சூத்திரத்தை முதலில் வாயால் சொல்லுங்கள்

நிரலைத் திறக்க முன்னம், சூத்திரம் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் பிழையும் பிடிபடாது.

விமானம் வழமையாக 3 பாகைச் சரிவில் இறங்கும். தரைவேகம் 140 நொட் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 12 அடி வீதம் உயரம் குறையும். அந்த வேகத்திலேயே ஓடுபாதையில் விழுந்தால் சில்லும் தாங்காது, பயணியின் முதுகும் தாங்காது. அதனால் சுமார் 50 அடியில் மூக்கை மெல்ல உயர்த்தி இறக்கத்தைத் தணிப்பார்கள். இதற்குப் பெயர் பிளேர். தானியங்கியிடம் இந்த வேலையைக் கொடுக்கும்போது, உயரம் குறையக் குறைய இறங்கும் வேகமும் அதே வீதத்தில் குறையட்டும் என்று கட்டளை போடுவது பழைய வழி.

நாங்கள் வகுப்பில் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 50 அடியில் செக்கனுக்கு 12 அடி. தரையைத் தொடும்போது செக்கனுக்கு 2 அடி. 50 அடிக்குள் வேகம் 10 குறைய வேண்டும். 50 ஐ 10 ஆல் வகுத்தால் 5 செக்கன். அதுதான் நேர மாறிலி. தரையில் மிச்சமிருக்கும் 2 ஐ 5 ஆல் பெருக்கினால் 10 அடி. ஓடுபாதைக்கு 10 அடி கீழே ஒரு கற்பனைத் தரை இருப்பதாக நினைத்து விமானம் அதைக் குறிவைக்கிறது என்று அர்த்தம்.

இறங்கும் வேகம் = (உயரம் + 10) ÷ 5

மிச்ச நேரம் = 5 × இயற்கை மடக்கை [ (உயரம் + 10) ÷ 10 ]

50 அடியில் போட்டுப் பாருங்கள். 60 ÷ 10 = 6. 6 இன் இயற்கை மடக்கை 1.792. ஐந்தால் பெருக்க 8.96 செக்கன். இந்த 8.96 ஐக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

சரியான விடை மாதிரியே வந்த பிழை விடை

போன வருடம் ஒரு பிள்ளையின் நிரல் 8.89 என்று சொன்னது. கையால் செய்த விடை 8.96. "தசமத்தில் ஏதோ தள்ளுபடி" என்று நானும் விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு இரண்டு பின்னேரங்கள் போயின. விமானம் ஓடுபாதையில் உட்கார்ந்த பிறகும் திரையில் "இன்னும் 5 செக்கன்" என்று காட்டிக்கொண்டே இருந்தது.

பிள்ளை எழுதியிருந்தது, 60 இன் மடக்கையை 10 இன் மடக்கையால் வகுக்கிற வரி. எழுத வேண்டியது 60 ஐ 10 ஆல் வகுத்து, பிறகு மடக்கை. பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது 1.778, இரண்டாவது 1.792. இவ்வளவு கிட்ட வந்தது முழுக்கத் தற்செயல். 50 என்ற எண்ணை நாங்கள் தேர்ந்ததால் வந்த வினை. 100 அடியில் தொடங்கியிருந்தால் சரியான விடை 11.99, பிழையான விடை 10.21. அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான். மடக்கை உள்ள எந்தச் சூத்திரத்துக்கும், இயந்திரம் இல்லாமலே விடை தெரிந்த இரண்டு இடங்கள் உண்டு. அந்த இரண்டையும் முதலில் போட்டுப் பார்க்கிறேன்.

ஒன்று, விகிதம் சரியாக 1 ஆகும் இடம். 1 இன் மடக்கை சைபர். எங்கள் சூத்திரத்தில் உயரம் சைபர் என்றால் 10 ÷ 10 = 1, மிச்ச நேரம் சைபர். தரையில் இருக்கிற விமானத்துக்கு இறங்க நேரம் தேவையில்லை, பொருளும் பொருந்துகிறது. மடக்கையை மடக்கையால் வகுத்தது, அந்த 10 அடியை ஓரிடத்தில் அடியிலும் மற்ற இடத்தில் மீற்றரிலும் போட்டது போன்றவை இந்த இடத்தில் அகப்படும். அந்தப் பிள்ளையின் நிரல் இங்கே 5 என்று சொல்லியிருக்கும், ஏனென்றால் 10 இன் மடக்கையை 10 இன் மடக்கையால் வகுத்தால் 1.

இரண்டு, விகிதம் 2.718 ஆகும் இடம். அதன் இயற்கை மடக்கை 1. உயரம் 17.18 அடி கொடுத்தால் 27.18 ÷ 10, விடை சரியாக 5 செக்கன் வர வேண்டும். முதற் சோதனையில் தப்பிவிடுகிற ஒரு பெரிய பிழை இங்கே மாட்டும். மடக்கையை எந்த அடியில் (இயற்கை மடக்கைக்கு 2.718, மற்றதுக்கு 10 என்கிற கீழ் எண்) எடுத்தாலும் 1 இன் மடக்கை சைபர்தான் என்பதால், அடி மாறியதை முதற் சோதனை காட்டாது. இங்கே 5 க்குப் பதில் 2.17 வந்தால், யாரோ அடி 10 இல் மடக்கை எடுத்திருக்கிறார்கள்.

"எந்த அடி, சேர்?"

இந்தக் கேள்வி தமிழில் படிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை. உயரமும் அடியில், மடக்கைக்கும் ஓர் அடி. "அடியைச் சரிபார்" என்று நான் சொன்னால் பாதிப்பேர் உயரத்தை மீற்றருக்கு மாற்றத் தொடங்கிவிடுவார்கள். இப்போது மடக்கையின் அடியை "கீழ் எண்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. கணிப்பானில் லாக் என்ற பொத்தான் அடி 10, எல்என் என்ற பொத்தான் இயற்கை மடக்கை. பைதான், ஜாவாஸ்கிரிப்ட், சி, ஆர்டுயினோ எல்லாவற்றிலும் லாக் என்று எழுதினால் இயற்கை மடக்கை. எக்செலில் கலத்துக்குள் லாக் என்று எழுதினால் அடி 10, எல்என் என்றால்தான் இயற்கை. அதே எக்செலுக்கு மேக்ரோ எழுதும் விபிஏயில் லாக் என்றால் மறுபடி இயற்கை. ஒரே கோப்புக்குள், ஒரே சொல்லுக்கு, இரண்டு அர்த்தம்! கலத்தில் சரிபார்த்த சூத்திரத்தை மேக்ரோவுக்கு மாற்றி எழுதுகிறவர்கள் கட்டாயம் அந்த 17.18 சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டு மடக்கைகளுக்கும் இடையிலான விகிதம் எப்போதும் 2.3026. உங்கள் விடைக்கும் எதிர்பார்த்த விடைக்கும் இடையில் இந்த எண் தென்பட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். 8.96 வர வேண்டிய இடத்தில் 3.89 வந்தால் வகுத்துப் பாருங்கள்.

இறங்கவே இறங்காத விமானம்

புதியவர்கள் அந்த 10 அடிக் கற்பனைத் தரையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தேவையில்லாத சிக்கலாகத் தோன்றும். வேகம் உயரத்துக்கு நேர்விகிதம் என்று மட்டும் எழுதினால், நேரம் = 5 × மடக்கை (50 ÷ இப்போதைய உயரம்) என்று அழகாக வரும். ஓடவிட்டுப் பாருங்கள். 1 அடிக்கு வர 19.6 செக்கன். 0.1 அடிக்கு வர 31.1. 0.01 அடிக்கு வர 42.6. ஒவ்வொரு பத்தில் ஒரு பங்குக்கும் இன்னொரு 11.5 செக்கன். தரையைத் தொடவே மாட்டாது. உயரம் சைபர் என்று நீங்கள் கொடுத்தால் சைபரால் வகுத்தல் என்று பைதான் கத்தும். விகிதத்தைத் திருப்பிப் போட்டு 0 ÷ 50 இன் மடக்கையைக் கேட்டாலும் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் கத்தாது, மறை முடிவிலி என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரும். எனக்குக் கத்துகிறவன்தான் பிடிக்கும்.

இங்கே பிள்ளைகள் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. உயரத்தோடு 0.001 ஐக் கூட்டிவிடுவது. பிழைச்செய்தி போய்விடும், நிரல் ஓடும். விடை? 5 × மடக்கை (50 ÷ 0.001), அதாவது 54 செக்கன். விமானம் ஓடுபாதை முழுவதையும் மிதந்து கடந்து வேலியையும் தாண்டிவிடும். சூத்திரம் "தரையை என்னால் தொட முடியாது" என்று உண்மையைத்தான் சொன்னது. அதன் வாயைப் பொத்தியதுதான் அந்த 0.001. சரியான மருந்து மேலே சொன்ன கற்பனைத் தரை. 2 அடி வேகத்தில் தொட வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால் 10 அடி தானாக வரும்.

மறை எண்ணுக்கு மடக்கை கேட்டால் இன்னொரு கூத்து. சிமுலேட்டர் தருகிற உயரம் விமானத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, சில்லு தரையில் இருக்கும்போது அது சைபராக இருக்க வேண்டியதில்லை, மறையாகவும் வரலாம். மறை எண்ணின் மடக்கைக்கு ஜாவாஸ்கிரிப்ட் "நான்" என்று விடை தரும், "எண் இல்லை" என்பதன் சுருக்கம். (அதை "நான்" என்று வாசித்துவிட்டு "யாரு சேர் நீங்களா?" என்று ஒரு பொடியன் கேட்டான்.) அந்த "நான்" எதனோடு கூட்டினாலும் பெருக்கினாலும் "நான்" ஆகவே இருக்கும். அதை எந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பெரிதா, சிறிதா, சமமா என்று கேட்டாலும் "இல்லை" என்றே பதில். அதனால் "நேரம் 1 செக்கனுக்குக் குறைந்தால் இயந்திர விசையைக் குறை" என்ற நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. பிழைச்செய்தியும் இருக்காது, விசையும் குறையாது. மடக்கைக்கு முந்திய வரியில் விகிதத்தை அச்சிடுங்கள். அது சைபரோ மறையோ என்றால் அங்கேயே நிரலை நிறுத்துங்கள்.

கோச்சியில் (ரயிலில்) ஒரு சோதனை

உயரம் எங்கிருந்து வருகிறது? பிளேருக்கு ரேடியோ உயரமானி, தரைக்கு அலை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தைப் பார்க்கும். அதற்கு முந்திய இறக்கம் முழுவதும் காற்றழுத்த உயரமானி. அங்கேயும் மடக்கை.

உயரம் = (287.05 × வெப்பநிலை ÷ 9.80665) × இயற்கை மடக்கை (கடல்மட்ட அழுத்தம் ÷ இங்குள்ள அழுத்தம்)

வெப்பநிலை கெல்வினில். 15 பாகை செல்சியஸ் என்றால் 288.15. அடைப்புக்குள் இருப்பது அப்போது 8434 மீற்றர் அளவில் வரும்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சூத்திரத்தைச் சோதிக்கச் செலவில்லாத ஆய்வுகூடம் இருக்கிறது. அழுத்தமானி உள்ள கைபேசியோடு ஹட்டனில் கோச்சி ஏறி பட்டிப்பொல வரைக்கும் போகலாம். நிலையத்துப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். கைபேசி அழுத்தத்தைச் சொல்லும். ஹட்டனில் 870 சொச்சம் ஹெக்டோபஸ்கால். மேலே போகப் போகக் குறையும்.

கணக்குக்கு நுவரெலியாவை எடுப்போம், 1868 மீற்றர். நியம வளிமண்டலத்தில் (கணக்குக்காக வைத்திருக்கும் சராசரி மாதிரி) அங்கே அழுத்தம் 808.1, கடல்மட்டத்தில் 1013.25. விகிதத்தின் இயற்கை மடக்கை 0.2263. இனி வரும் விடையை வைத்தே வியாதியைச் சொல்லிவிடலாம்.

829 மீற்றர் வந்தால் அடி 10. நுவரெலியாவைத் தூக்கி நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் நடுவே வைத்துவிட்டீர்கள்.

99 மீற்றர் வந்தால் வெப்பநிலையைச் செல்சியஸில் 15 என்றே கொடுத்துவிட்டீர்கள்.

1908 க்கு மறைக்குறியோடு வந்தால் விகிதம் தலைகீழ், அல்லது முன்னால் ஒரு மறைக்குறி கூட.

ஆர்டுயினோவில் முடிவிலி வந்தால் 808 ஐயும் 1013 ஐயும் முழுவெண்களாக வகுத்திருக்கிறீர்கள். முழுவெண் வகுத்தலில் 808 ÷ 1013 சைபர் (மேலே உள்ளபடி 1013 ÷ 808 என்று போட்டிருந்தால் 1, உயரம் சைபர் என்று வரும்). ஓர் எண்ணுக்குப் பின்னால் தசமப் புள்ளி போட்டால் தீரும்.

எல்லாம் சரியாக இருந்து 1908 வந்தால்? 40 மீற்றர் கூட. இங்கே மடக்கையில் குற்றமில்லை. மேலே போகப் போகக் குளிரும் என்பதைச் சூத்திரத்துக்கு நீங்கள் சொல்லவில்லை. நியம வளிமண்டலத்தில் கிலோமீற்றருக்கு 6.5 பாகை குறையும். கீழே 288.15, நுவரெலியாவில் ஏறக்குறைய 276.0, சராசரி 282.08 கெல்வின். அதைப் போடுங்கள், 1868 வரும். இது வரும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும், அதற்காகவே நான் இந்தக் கணக்கைச் செய்விக்கிறேன்.

நிஜக் கோச்சியில் இவ்வளவு துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் காற்று நியமத்தை விடச் சூடு. கொழும்பில் 28 பாகையும் நுவரெலியாவில் 16 பாகையும் என்றால் சராசரி 295 கெல்வின். இந்த 282 ஐ அப்படியே வைத்திருந்தால் கைபேசி உங்களை உண்மையான இடத்துக்கு 80 மீற்றர் அளவில் கீழே காட்டும். இன்னொன்று, வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நான்கு மணியளவில் தாழ்வு, இடையில் 2, 3 ஹெக்டோபஸ்கால் வித்தியாசம். ஹட்டனில் 1 ஹெக்டோபஸ்கால் என்பது 10 மீற்றர். ஒரே வாங்கில் அமர்ந்தபடி காலையும் மாலையும் கணித்தால் 20, 30 மீற்றர் மாறும். அதை நிரலில் தேடாதீர்கள்.

வானத்தில் 37, கடலுக்கடியில் 37

மடக்கை அட்டவணையோடு வளர்ந்தவர்களுக்கு மட்டும் வருகிற பிழை ஒன்று. 808.1 ஐ 1013.25 ஆல் வகுத்தால் 0.7975. அட்டவணையில் அதன் மடக்கை பார் 1.9017. தலையில் கோடு போட்ட அந்த 1 மட்டும்தான் மறை. 0.9017 நேர். உண்மையான பெறுமதி மறை 0.0983. கணினியில் கோடு போட இடமில்லை, பிள்ளை மறை 1.9017 என்று அடித்தது. 2.3026 ஆலும் 8434 ஆலும் பெருக்கி, குறி மாற்றினால் 36,930 மீற்றர் சொச்சம். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

அதே நாள் பக்கத்து மேசையில் இன்னொருவன் திரையில் மறை 36,930 சொச்சம். கடலுக்குக் கீழே 37 கிலோமீற்றர். அவனுடைய உணரி அழுத்தத்தைப் பஸ்காலில் கொடுத்தது, 80810. கடல்மட்டத்துக்கு அவன் ஹெக்டோபஸ்காலில் 1013.25 போட்டிருந்தான். விகிதம் 79.75.

இரண்டு வேறு வேறு பிழைகள், எண் ஒன்று, குறி மட்டும் எதிர். முதலில் மாயம்போல இருந்தது. பிறகு அட்டவணையையே விரித்துக் காட்டினேன். 0.7975 க்கும் 79.75 க்கும் அட்டவணையில் ஒரே வரி, ஒரே 9017. புள்ளியின் இடம் மாறினால் முன்னால் இருக்கும் முழுவெண் மட்டும் மாறும். பாரைக் கவனிக்காதவனும் நூறு மடங்கைக் கவனிக்காதவனும் ஒரே 1.9017 இல் வந்து சந்தித்திருக்கிறார்கள்.

டெசிபலைப் பற்றி ஒரு வரி போதும். ஐஎல்எஸ் (விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலி அமைப்பு) சமிக்ஞையின் வலிமையைக் கணிக்கிறவர்கள், தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறைகிறதா என்று பாருங்கள். 3 குறைந்தால் மடக்கைக்கு முன்னால் 20 போட வேண்டிய இடத்தில் 10 போட்டிருக்கிறீர்கள். இங்கே மடக்கை அடி 10 இல்தான், இயற்கைக்கு மாற்றிவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் விடை வராவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். கேட்கப் போகும்போது முந்நூறு வரி நிரலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரே உயரத்துக்கு நான்கு எண்களை ஒரு வரியில் அச்சிட்டுக்கொண்டு போங்கள்: உள்ளே கொடுத்த எண், விகிதம், மடக்கை, கடைசி விடை. 50, 6, 1.792, 8.96 என்பதுபோல. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே "ஆ, கண்டுட்டேன் சேர்" என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.